நான் சாகடித்த நட்சத்திரம்

“…ஒரே ஒரு கொப்புதானுங்க பாக்கி, அப்படியே நில்லுங்க, கண்ணை எடுத்துப்போடாதீங்க!”

இது வானத்திலிருந்து வந்த குரல். கற்பனை இல்லை. கூட இருந்த முப்பது நாற்பது பேரும் கேட்டார்கள். வானத்திலிருந்து குரல் கேட்க வேண்டுமென்றால் ஒன்று மகானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் என்னை மாதிரி ஆளாக இருக்க வேண்டும். நான் மகான் இல்லை (சந்தேகமிருந்தால் என் மனைவி ரெஜினாவைக் கேட்கலாம். ஆனால் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்).

அந்தக் குரல் வந்தபோது நான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நானே செய்த தொலைநோக்கிக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு நட்சத்திரம் செத்து, அதிலிருந்து நெபுலா என்கிற ஒளிமேகம் பிறப்பதை உலகத்திலேயே முதல் ஆளாக நான் பார்த்துவிட்டதாக அறிவித்துச் சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. எதிரில், பெங்களூரிலிருந்து வந்திருந்த விண்ணியல் ஆய்வாளர் நளினி மேடம். அவருக்குப் பக்கத்தில் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார். படிக்கட்டு முழுக்க எங்கள் மலைக் கிராமம் மஞ்சக்குட்டையின் ஜனம்.

கையை விரிப்பது சுலபம். விரித்த கையை நாற்பது பேர் முன்னால் மடக்குவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் சேசுராஜ். ஆனால் ஊரில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் ரேஷன் கடைக்காரரும் கடவுளும்தான். மற்றவர்களுக்கு நான் ‘மெக்கானிக்’. எஸ்டேட்டுகளில் காப்பிப் பழத்தைப் பிதுக்கி, தோலை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் தள்ளுகிற பல்ப்பர் மெஷினை ரிப்பேர் பார்ப்பது என் தொழில். அது ஓடுவது வருஷத்தில் மூன்று நான்கு மாதம். மிச்ச நாளில் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், யார் வீட்டிலாவது சுற்ற வேண்டியது சுற்றாமல் நின்றால் நான்.

படிப்பு பத்தாவதோடு நின்றது. அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் நானாகவே படித்தேன். எல்லாவற்றையும் படித்து எதிலும் பாஸாகாத ஆள். அப்படிப் படித்ததில் வானம் பிடித்துப்போய், தபாலில் ஒரு கண்ணாடி வரவழைத்து, பிளாஸ்டிக் பைப்பில் பொருத்தி, பழைய பல்ப்பரின் பேரிங்கைக் கழற்றிப் போட்டு ஒரு தொலைநோக்கி செய்தேன். அது மேலே போகும், கீழே வரும். பக்கவாட்டில் திரும்பாது. ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். தெற்குப் பக்கம் பார்த்து நட்டிருந்தேன். எந்த நட்சத்திரமானாலும் அந்த வழியாக வந்தால் பார்ப்பேன், வராவிட்டால் அதற்கு என்னைப் பார்க்கிற கொடுப்பினை இல்லை என்று விட்டுவிடுவேன்.

இன்னொரு பைத்தியமும் உண்டு. ஜனங்கள் பேசுவதில் நல்லதாக ஒன்று காதில் விழுந்தால் தேதி போட்டு எழுதி வைப்பது. மலை அடிவாரத்தில் பஸ் ஏறிய ஒருவர் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றித் துவண்டு கிடந்தபோது கண்டக்டர் சொன்னார்: “ஏனுங்க, ஏறும்போது மனுசனா ஏறினீங்க, இருபதாவது வளைவுல துணி மூட்டையா இறங்கறீங்களே!” இதையெல்லாம் விடலாமா? தனி நோட்டு போடச் சோம்பல். அதனால் ஒரே நோட்டில் முன்பக்கமிருந்து நட்சத்திரம், பின்பக்கமிருந்து ஜனங்களின் பேச்சு. நடுவில் இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. (முட்டிக்கொண்டன. அதற்கும் வருகிறேன்.)

நளினி மேடத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பள்ளிக்கூடத்தில். மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தேன். மேடம் பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களின் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். நம் சூரியன் மாதிரி நட்சத்திரம் வயதானால் ஊதிப் பெருத்துச் சிவக்குமாம். மூச்சு வாங்குவது போல விரிந்து சுருங்குமாம். மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகவும் தூசியாகவும் உதறுமாம். கடைசியில் உள்ளே இருக்கிற சூடான பருப்பு மட்டும் மிஞ்சும். அதிலிருந்து வேகமாக ஒரு காற்று கிளம்பி, முன்னால் உதறியதையெல்லாம் ஓடாகத் தள்ளும். பருப்பின் ஒளி பட்டு அந்த ஓடு வண்ணத்தில் ஒளிரும். அதுதான் கிரக நெபுலா. பழைய காலத்துச் சின்னத் தொலைநோக்கியில் உருண்டையாகக் கிரகம் மாதிரி தெரிந்ததால் வந்த பெயர். மற்றபடி கிரகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்கு உடனே பல்ப்பர்தான் ஞாபகம் வந்தது. பழம், தோல், கொட்டை. நம்ம மெஷின்!

எழுந்து கேட்டேன். “மேடம், இதெல்லாம் நடக்க ஆயிரக்கணக்கான வருசம் ஆகும்னு சொல்றீங்க. ஒரு ஆயுசுல நீங்க எப்படிப் பாத்து முடிப்பீங்க?”

மேடம் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“காப்பி எஸ்டேட்டுல மெக்கானிக்குங்க.”

“அப்ப சுலபம். காப்பின்னா என்னன்னே தெரியாத ஒருத்தரை உங்க எஸ்டேட்டுக்குள்ள ஒரே ஒரு மணி நேரம் விடறாங்கன்னு வெச்சுக்கங்க. ஒரு செடியும் அவர் கண்ணு முன்னால வளராது. ஆனா நாற்று இருக்கும், பூத்த செடி இருக்கும், பழுத்தது இருக்கும், பட்டுப்போன கட்டையும் இருக்கும். எது எதுக்கு முன்னாலன்னு வரிசைப்படுத்தினா காப்பிச் செடியோட ஆயுசு முழுசும் தெரிஞ்சிடுமில்லையா? நாங்களும் அதைத்தான் செய்யறோம். ஒளியைப் பிரிச்சுப் பாத்து உள்ள என்ன வாயு இருக்குன்னு கண்டுபிடிப்போம். பல வருஷ இடைவெளியில எடுத்த படங்களை வெச்சு ஓடு எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு அளப்போம். எங்களுக்கு ரொம்ப அபூர்வமா கிடைக்கறது, தோல் உரியற நேரத்துல மாட்டற நட்சத்திரம்தான்.”

அன்றைக்கே அவரிடம் ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டேன். தோல் உரிக்கும் வயதில் இருக்கிற ஆறு நட்சத்திரங்கள். ஆர்வமுள்ளவர்கள் யாராவது கண்ணால் பார்த்து வெளிச்சத்தைக் குறித்து அனுப்பினால் உபயோகம் என்றார். ஆறில் ஐந்து என் ரயில்வே கேட்டு வழியாக வராது. தெற்கே தாழ்வாகப் போகிற சிவப்பு நட்சத்திரம் ஒன்று மட்டும் வரும். அதற்குப் பெயர் கூட இல்லை, வெறும் எண்தான். என் நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டேன்.

மேடம் ஒரு விதியை மட்டும் இரண்டு தடவை சொன்னார். “வெளிச்சத்தை எப்பவும் பக்கத்துலயே இருக்கற இந்த ரெண்டு நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தான் சொல்லணும். தூரத்துல இருக்கறதோட ஒப்பிடவே கூடாது.”

“ஆகட்டுங்க மேடம்” என்றேன். (என் வாழ்க்கையில் நான் ‘ஆகட்டுங்க’ என்று சொன்ன எதுவும் ஆனதில்லை.)

அந்தப் பக்கத்து நட்சத்திரங்கள் இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நோஞ்சானாக இருந்தன. அதனால் குழாயை நன்றாக மேலே தூக்கினால் வருகிற, பளிச்சென்ற, எனக்குப் பழக்கமான வேறொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன்.

தை மாதக் கடைசியில் விடிகாலையில் ஆரம்பிப்பேன். ஆனி வந்தால் சாயங்காலமே பார்த்துவிடலாம். முதல் வருஷம், என் நட்சத்திரம் மாசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. வைகாசி நடுவில் ஒருநாள் சட்டென்று பிரகாசமானது. இரண்டாம் வருஷமும் அதே மாதிரி. நான் துள்ளினேன். மூச்சு வாங்குகிறது! மேடத்துக்குப் போன் போட்டேன்.

மேடம் யோசித்தார். “சரியா வருஷத்துக்கு ஒரு தடவைங்கறதுதான் கொஞ்சம் இடிக்குது, சேசுராஜ். ஒரு வருஷம்ங்கறது பூமியோட கணக்கு. நட்சத்திரத்துக்கு நம்ம காலண்டர் தெரியாதே.”

மேடத்துக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் வருஷம் வைகாசி வந்தது. நட்சத்திரம் பிரகாசமாகவில்லை. மங்கியது. இன்னும் மங்கியது. தூசியை உதறுகிறது, அந்தத் தூசியே முகத்தை மூடுகிறது என்று முடிவு கட்டினேன். இதில் என் மூளையின் உச்சத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேடம் சொன்ன அந்த இரண்டு பக்கத்து நட்சத்திரங்களும் சேர்ந்தே மங்கியிருந்தன. யோசிக்கத் தெரிந்த யாரும் அங்கே நின்றிருப்பார்கள். நான் நிற்கவில்லை. ‘தூசி பக்கத்து ஊட்டுக்கும் பரவிவிட்டது’ என்று நோட்டில் எழுதி, இரண்டு கோடு இழுத்தேன். ஒன்றுக்கொன்று எத்தனையோ ஒளியாண்டு தள்ளி இருக்கிற மூன்று நட்சத்திரங்கள்! எனக்கோ அவை அடுத்தடுத்த மாடியில் காயப்போட்ட வடகம், ஒன்றின் தூசி மற்றதில் விழுந்துவிடும். இதை இரண்டாவது கண்டுபிடிப்பாகப் பிற்பாடு வெளியிடலாம் என்று மேடத்திடம் சொல்லாமல் பத்திரப்படுத்தினேன்.

முதல் கண்டுபிடிப்பை மட்டும் சொன்னேன். மேடம் குரல் மாறியது. “அடுத்த வாரம் சேலத்துல ஒரு கல்யாணம் இருக்கு. அப்படியே மேல வர்றேன். நீங்க பாக்கறது சரின்னா, அந்த நட்சத்திரத்தோட வெளிச்சம் ஏறி இறங்கறதைக் காட்டற வரைபடத்துல உங்க பேர் வரும்.”

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதிலும் ‘சேசுராசு’ என்று பிரஸ்காரன் போட்டிருந்தான். மூன்று வருஷம், பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறித்த நோட்டு. அது எதற்காவது ஆகுமா, இல்லை ரெஜினா சொல்கிற மாதிரி கிறுக்குத்தானா என்பது அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

ரெஜினா சொன்னது நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. மாடி ஒழுகிய அன்றைக்குச் சொன்னது: “நட்சத்திரத்துல இருந்து தூசி கொட்டறது தெரியுதாம், ஊட்டுக்காரி தலையில தண்ணி கொட்டறது தெரியலையாம்.”

அடக்கமாக இருந்திருக்கலாம். இருந்தேனா? பேக்கரியில் சொன்னேன், ஜீப் ஸ்டாண்டில் சொன்னேன், பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் சொன்னேன். பங்குச் சாமியார் கோயில் ஹாலைக் கொடுத்தார். இளைஞர் சங்கம் ஃபிளெக்ஸ் வைத்தது. அதில் மேடம் படம் கிடைக்காமல் என் படத்தையே இரண்டு பக்கமும் போட்டுவிட்டார்கள், நடுவில் நெபுலா. தூரத்திலிருந்து பார்த்தால் நான் எனக்கே வணக்கம் சொல்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு நாலு மணிக்கு ஹாலில் கூட்டம். மேடம் சுருக்கமாகப் பேசினார். நான் சுருக்கமாகப் பேசவில்லை. பல்ப்பர் உதாரணத்தையெல்லாம் சொல்லி, “வருசா வருசம் மாசியில மங்கும், வைகாசியில பிரகாசமாகும், இந்த வருசம் ஆகவே இல்லை!” என்று முடித்தேன். கைதட்டல். அது அடங்கும்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சடையண்ணன்.

சடையண்ணன் எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர். சாமையும் ஆரஞ்சும் போடுவார். மலையில் பரம்பரையாக விவசாயம். கூடவே எஸ்டேட்டுகளில் நிழல் மரம் கழிக்கிற வேலை. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டுமென்று சில்வர் ஓக் மரங்களை நட்டிருப்பார்கள். தழை அதிகமானால் செடிக்கு வெளிச்சம் போதாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஏறிக் கொப்புகளை வெட்டிவிட வேண்டும். அறுபது அடி மரத்தில் சடையண்ணன் ஏறுவது நாம் கட்டிலில் ஏறுவது மாதிரி இருக்கும். என் நோட்டின் பின்பக்கத்தில் பாதி அவர் பேச்சுதான்.

“ஏனுங்க மெக்கானிக்கு,” என்றார், “நீங்க பாக்கறது அந்தத் தெக்கு வேலியோரம், எஸ்டேட்டு சில்வர் ஓக்கு இருக்குதே, அதுக்கு மேலாப்பலதானுங்க?”

“அதுக்கு மேலதாண்ணே. ஆனா பல நூறு ஒளியாண்டு மேல!”

சிரிப்பு. எனக்கு உற்சாகம்.

“அதுஞ் செரிதானுங்க. நான் ஒருக்கா ஏறிப் பாத்துப்போடட்டுங்களா?”

ஹாலே அதிர்ந்தது. “அண்ணே, நட்சத்திரத்துக்கு ஏணி பத்தாதுங்க, கம்முனு உக்காருங்க” என்றேன். சடையண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனார். வேலை ஞாபகம் வந்தவர் போகிற நடை அது. மேடம் மட்டும் சிரிக்காமல் அவர் போவதையே பார்த்தார். நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய?

இருட்டியதும் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். பகலெல்லாம் மேகம். எட்டு மணிக்குத் திரை விலக்கிய மாதிரி தெற்கு வானம் திறந்தது. நான் குழாயை இறக்கி, கண்ணை வைத்தேன். என் நட்சத்திரம் இருந்தது, சாகக் கிடக்கிற மாதிரி மங்கலாக. மேடத்தைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது.

நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், சும்மா இருந்த இருட்டில், ஒரு வளையம் தோன்றியது. வட்டமான, நடுவில் ஓட்டையுள்ள, ஆரஞ்சு நிற வளையம். புத்தகங்களில் நான் எத்தனையோ தடவை பார்த்து ஏங்கிய அதே நெபுலா வடிவம்! நான் பார்க்கப் பார்க்க அது பளிச்சென்று ஒளிர்ந்தது. மங்கியது. மறுபடி ஒளிர்ந்தது.

“செத்துருச்சு!” என்று கத்தினேன். “பொறந்துருச்சு!” என்று உடனே திருத்தினேன்.

ரெஜினா கீழேயிருந்து, “ஏனுங்க, யாருக்கு?” என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்தக் கையை விரித்தது, அறிவித்தது எல்லாம். சாமியார்தான் முதலில் பாய்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார். “படைப்பைக் கண்ணால பாத்துட்டேன், சேசுராஜ்.” அடுத்து என் மகள் ஜெனி. பதினோராம் வகுப்பு. அவள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். “அப்பா, ஆக்சிஜன் இருக்கறதால பச்சையாத் தெரியும்னு மேடம் சாயங்காலம் சொன்னாங்களே. இது ஏம்ப்பா ஆரஞ்சா இருக்குது?”

“பொறந்த கொழந்தை செவப்பாத்தாண்டி இருக்கும்!” என்றேன். கூட்டம் ஆமோதித்தது.

மேடம் வந்தார். குனிந்தார். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தார். கண்ணை எடுத்தார். வெறும் கண்ணால் தெற்கே பார்த்தார். மறுபடி குழாயில் கண்ணை வைத்தார். நான் என் பெயரை எந்த இடத்தில் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் கண்ணை எடுக்காமலேயே, மென்மையாகக் கேட்டார். “சேசுராஜ், நெபுலா இருமுமா?”

“இல்லீங்க மேடம், அங்க காத்தே கிடையாது…”

“இது இருமுது.”

எல்லோரும் காதைத் தீட்டினோம். தெற்கு வேலியோரத்து சில்வர் ஓக் உச்சியிலிருந்து, நாற்பது வருஷமாகப் பீடி பிடிக்கிற நெஞ்சின் இருமல், இரண்டு தடவை, தெளிவாக வந்தது. தொடர்ந்து அந்தக் குரல்: “…ஒரே ஒரு கொப்புதானுங்க பாக்கி, அப்படியே நில்லுங்க, கண்ணை எடுத்துப்போடாதீங்க!”

பிற்பாடு மேடம் விளக்கினார். தொலைநோக்கியைத் தூரத்து நட்சத்திரத்துக்குச் சரிசெய்து வைத்திருக்கும்போது, கிட்டத்தில் இருக்கிற சின்ன நெருப்பு கலங்கி விரிந்து வளையமாகத்தான் தெரியும். என்னுடையது மாதிரியான குழாயில் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி மறைப்பதால் அந்த ஓட்டை. நெபுலா துடித்தது, அண்ணன் பீடியை இழுத்தபோதெல்லாம். ஆனால் அந்த நேரத்தில் விளக்கம் யாருக்கு வேண்டும்? வெட்டுச் சத்தம். மடமடவென்று ஒரு கொப்பு விழுந்தது. மேடம் ‘ஆ’ என்றார். நானும் குனிந்து குழாயில் கண்ணை வைத்தேன்: என் நட்சத்திரம், மூன்று மாதமாகச் செத்துக்கொண்டிருந்த நட்சத்திரம், குளித்துத் தலை துவட்டிய மாதிரி, கொழுகொழுவென்று எரிந்தது.

சில்வர் ஓக் இலை பெரணிச் செடியின் இலை மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும். முழுசாக மறைக்காது, சல்லடை மாதிரிச் சலிக்கும். மூன்று வருஷம் நான் பார்த்தது சலித்த வெளிச்சத்தை. நான் ஒப்பிட்ட பளிச் நட்சத்திரம் மரத்துக்கு மேலே, தழை எட்டாத இடத்தில் இருந்தது. மேடம் சொன்ன பக்கத்து நட்சத்திரங்களைக் கேட்டிருந்தால் முதல் மாதமே அவை கோள் சொல்லியிருக்கும்.

சடையண்ணன் இறங்கி வேலியைத் தாண்டி மாடிக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பு அடங்கவே இல்லை. இளைஞர் சங்கத்தில் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேடம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் என் நோட்டைப் பிரித்தார்.

“அண்ணே, இந்த மரத்தைப் போன வருஷம் எப்ப வெட்டினீங்க?”

“தேதியெல்லாம் ஆருங்க வெச்சிருக்கா? சேர்வராயன் கோயில் வைகாசித் திருவிழா நோம்பி முடிஞ்சு நாலஞ்சு நாள்ல ஏறுவனுங்க. இந்த வருசம் பங்காளிக எஸ்டேட்டைப் பாகம் பிரிக்கறாங்க. எவனும் வெட்டச் சொல்லலை.”

“அப்பாகிட்ட தேதி இருக்குது மேடம்” என்றாள் ஜெனி. (நான் பெற்ற பெண்.) நோட்டை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள்.

மேடம் வாய்விட்டுப் படித்தார். முன்பக்கம், முதல் வருஷம், வைகாசி, செவ்வாய்க்கிழமை: “நட்சத்திரம் திடீர்ப் பிரகாசம். உள்ளே மாபெரும் கொந்தளிப்பு!” பின்பக்கம், அதே செவ்வாய்க்கிழமை: “சடையண்ணன், தெற்கு வேலி மரம் கழித்துவிட்டு வந்து: ‘இப்பத்தானுங்க காப்பிச் செடி மேல பாத்து மூச்சு உடுது.’” இரண்டாம் வருஷம், முன்பக்கம்: “மறுபடி கொந்தளிப்பு. நான் எதிர்பார்த்தபடியே.” பின்பக்கம்: “சடையண்ணன், மரத்தடியில்: ‘முடி வெட்டியாச்சுங்க, இனி மழைக்குத் தலை சீவி உட வேண்டியதுதான்.’” இந்த வருஷம், முன்பக்கம்: “நட்சத்திரம் அணைகிறது.” பின்பக்கம்: “சடையண்ணன்: ‘பங்காளிச் சண்டையில மரத்துக்குச் சடை விழுந்துபோச்சுங்க.’”

என் கையெழுத்து. என் பேனா. தேதி போட்டு. ஒரே நோட்டில், முன்னும் பின்னும். திருப்பிப் பார்க்க எனக்கு மூன்று வருஷம் நேரம் இருந்தது.

மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்று தோன்றியது. (ஒரே மாடிதான். காலில் சுளுக்கு மட்டும்தான் பிடிக்கும், அவமானம் அப்படியே இருக்கும்.) “நோட்டைக் குடுத்துருங்க மேடம். அடுப்புக்கு ஆகும்” என்றேன்.

மேடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். “சேசுராஜ், நீங்க அளந்தது நட்சத்திரத்தை இல்லை, சில்வர் ஓக்கை. ஆனா எவ்வளவு நல்லா அளந்திருக்கீங்க தெரியுமா? ஒரு மரம் தழைக்கறதை ராத்திரி ராத்திரியா வெளிச்சத்தை வெச்சே பிடிச்சிருக்கீங்க. கண்ணு சரியா இருக்கு. பாத்த வழியிலதான் மரம். மரம் கழிச்ச பிறகு வர்ற வாரங்களைத் தனியா எடுத்துக்கறேன். அந்த நாள்ல நட்சத்திரம் எப்படி இருந்ததுங்கறது எனக்கு வேணும். அது சாகலைங்கறதும் எனக்கு வேணும். நாளைல இருந்து பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிடுங்க. சொன்னா கேளுங்க.”

“ஆகட்டுங்க மேடம்” என்றேன். அந்த ஒன்று மட்டும் ஆனது.

அடுத்த வருஷம் தபாலில் ஒரு வரைபடம் வந்தது. சிவப்புப் புள்ளிகளாக என் நட்சத்திரம், நிதானமாக, ஒரு சாவும் இல்லாமல். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் ‘உதவியவர்கள்’ என்று இரண்டு பெயர். அகர வரிசையாம். அதனால் முதலில் சடையன், அப்புறம் சேசுராஜ். கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறோம். சடையண்ணன் வந்தால் அதற்கு நேரே உள்ள நாற்காலியில்தான் உட்காருவார்.

வீட்டில் இன்றைக்கு வரைக்கும் கரண்ட் குறைந்து பல்பு மங்கினால் ரெஜினா என்னைப் பார்க்க மாட்டாள், ஜன்னலைப் பார்ப்பாள். “ஏனுங்க, தழை ஏறியிருக்கும், பாருங்க.” ஜெனிக்குக் கணக்கில் மார்க் குறைந்தபோது நான் கத்த வாயைத் திறந்தேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: “அப்பா, நட்சத்திரம் நல்லாத்தான் இருக்குது. மரத்தைப் பாருங்க.” சாமியார் கூட ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் இந்த மரக் கதையைச் சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

ஆனால் அந்த ராத்திரியில் ஒன்று பாக்கி இருக்கிறது. கூட்டமெல்லாம் சிரித்து ஓய்ந்து இறங்கிப் போனபிறகு, “அண்ணே, நீங்க இன்னும் பாக்கவே இல்லையே” என்று சடையண்ணனைக் குழாய்க்கு முன்னால் நிறுத்தினேன். சாயங்காலம் அவரைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் அப்படிச் செய்தேன். அவர் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் பார்த்தார்.

“நொம்பச் சின்னதா இருக்குதுங்களே” என்றார்.

“தூரம்ண்ணே.”

“செரிங்க. ஆனா பக்கத்துல ரெண்டு இருக்குதே, அதுக மட்டும் இன்னும் மங்கலாத்தான் தெரியுது.”

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சடையண்ணன் நிமிர்ந்து, தெற்கு வேலியை ஒரு பார்வை பார்த்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். கொடுவாளை இடுப்பில் சொருகினார். படிக்கட்டு வரை போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் மேடத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த மரத்தில் ஏறப் போனார்.